ரோட்டில் நொறுங்கிய வீடு!

50 வயது "மோட்டார் வீடு" விபத்தில் சிக்கினால், மறுபடியும் எழுந்து ஓடுமா?

வீட்டுக்குச் சக்கரம் இருந்தால் எப்படி இருக்கும்?

இன்று இரவு மலையடிவாரத்தில் தூங்கலாம். நாளை இரவு கடற்கரையில் தூங்கலாம். போகிற இடத்துக்கெல்லாம் சமையல் அறை கூடவே வரும். கட்டில் கூடவே வரும். குளிக்கும் அறையும் கூடவே வரும்!

இது கதை அல்ல. அமெரிக்காவில் இப்படிப்பட்ட வண்டிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. "மோட்டார் ஹோம்" என்று அவற்றுக்குப் பெயர். நாம் "மோட்டார் வீடு" என்று சொல்லலாம்.

விடுமுறை நாட்களில் மட்டும் இதில் ஊர் சுற்றுகிறவர்கள் பலர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், சொந்த வீட்டை விற்றுவிட்டு, மோட்டார் வீட்டிலேயே குடித்தனம் நடத்துகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு வேறு கூரை கிடையாது.

அந்த வண்டி விபத்தில் சிக்கினால் என்ன ஆகும்?

காரும் போகிறது, வீடும் போகிறது. ஒரே நொடியில் இரண்டும்!

அதுவும் பழைய வண்டியாக இருந்துவிட்டால் கஷ்டம் இரட்டிப்பு. செய்த கம்பெனி அந்த வண்டியை மறந்திருக்கும். சாமான் கிடைக்காது. "இதைக் காயலான் கடைக்கு அனுப்புங்கள்" என்று எல்லாரும் சொல்வார்கள். அப்படியும் சிலர் அனுப்புவது இல்லை. நொறுங்கிய வண்டியைப் பட்டறையில் ஏற்றி, மாதக் கணக்கில் உழைத்து, மறுபடியும் ரோட்டில் ஓட விடுகிறார்கள்.

எப்படி முடிகிறது? பார்ப்போம்.

பஸ் கம்பெனி செய்த வீடு

மோட்டார் வீடுகளில் ஒரு புகழ்பெற்ற ரகம் உண்டு. "ஜெனரல் மோட்டார்ஸ்" கம்பெனி செய்தது. "ஜி.எம்.சி. மோட்டார் ஹோம்" என்று பெயர். 1972 மே மாதக் கடைசியில், வாஷிங்டன் நகருக்கு அருகே நடந்த பெரிய போக்குவரத்துக் கண்காட்சியில் இதைக் காட்டினார்கள். 1973-ஆம் ஆண்டு ரகமாக விற்பனைக்கு வந்தது.

மற்ற கம்பெனிகள் என்ன செய்துகொண்டிருந்தன தெரியுமா? லாரியின் அடிச்சட்டத்தை விலைக்கு வாங்கி, அதன் மேல் மரச்சட்டம் அடித்து, தகரம் போர்த்தி வீடாக்கின. ஜெனரல் மோட்டார்ஸ் அப்படிச் செய்யவில்லை. அடி முதல் முடி வரை தானே செய்தது.

வண்டியின் நீளம் 23 அடி அல்லது 26 அடி. எஞ்சின் முன்னால் இருக்கிறது. முன் சக்கரங்களைத்தான் அது சுழற்றுகிறது. ஆகவே பின் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் நீண்ட தண்டு வண்டியின் அடியில் கிடையாது. அதனால் என்ன லாபம்? தரையைத் தாழ்வாக வைக்க முடிந்தது. பாட்டிகூட ஒரே எட்டில் ஏறிவிடலாம்.

பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டு சக்கரங்கள், ஒன்றன் பின் ஒன்றாக. அவற்றுக்கு நடுவே காற்றுப் பை. வண்டியின் பின்பாரத்தைத் தாங்குவது அந்தக் காற்றுப் பைதான்!

எலும்புக்கூடு அலுமினியம். முன் முகப்பும், பின்பக்கமும், பக்கங்களின் கீழ்ப்பகுதியும் பைபர் கிளாஸ். அதாவது, கண்ணாடி நாரும் பிசினும் சேர்த்து அழுத்திய பலகை. அதற்கு மேலே பெரும்பாலும் அலுமினியத் தகடு. எல்லாவற்றையும் தாங்குவது அடியில் உள்ள இரும்புச் சட்டம்.

1981-ல் வந்த "ஸ்ட்ரைப்ஸ்" என்ற சிரிப்புப் படத்தில் ராணுவத்தின் ரகசிய வண்டியாக வேஷம் போட்டு வந்தது இந்த வண்டிதான்.

ஆனால் அதிர்ஷ்டம் நீடிக்கவில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. அமெரிக்காவில் பெட்ரோலுக்குக் கியூ வரிசை நின்றது. ஒரு கேலன் பெட்ரோலுக்கு 8 மைல், 10 மைல் ஓடுகிற வண்டியை யார் வாங்குவார்கள்? சமாளித்துப் பார்த்த கம்பெனி 1978-ஆம் ஆண்டு ரகத்தோடு நிறுத்திவிட்டது. மொத்தம் சுமார் 12,900 வண்டிகள்தான் செய்தார்கள்.

இன்று அந்த வண்டிகளில் மிகவும் இளையதற்கே வயது 45-க்கு மேல். ஆயினும் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை பல.

முதல் வேலை மூக்குக்கு!

ஒரு வயதான தம்பதி இப்படிப்பட்ட வண்டியில் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே ஒரு லாரி. பிரேக் போட்டும் நிற்கவில்லை. வண்டியின் வலது முன்பக்கம் மோதி நொறுங்குகிறது. ஆண்டவன் புண்ணியத்தில் இருவரும் உயிர் பிழைத்தார்கள்.

இனி என்ன செய்வது? பொம்மை, போட்டோ, துணிமணி எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஓடிப்போய் எடுக்கத்தான் கை துடிக்கும்.

எடுக்கக் கூடாது!

சாதாரண காருக்கும் மோட்டார் வீட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. மோட்டார் வீட்டில் அடுப்பு உண்டு. அடுப்புக்குப் புரொப்பேன் வாயு உண்டு. அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீரைப் போலத் தரையில் தேங்கி நிற்கும். ஒரு பொறி பட்டால் போதும்.

புரொப்பேனுக்குச் சொந்த வாசனை கிடையாது. ஆபத்து தெரிய வேண்டும் என்பதற்காகவே அழுகிய முட்டை போல் நாறும் ஒரு மருந்தை அதில் கலக்கிறார்கள். ஆகவே முதல் வேலை மூக்குக்குத்தான். நாற்றம் வந்தால் விலகி நின்று, தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட வேண்டும். நாற்றம் இல்லாவிட்டால் வாயுத் தொட்டியின் திருகை மூட வேண்டும். பிறகு பாட்டரிக் கம்பிகளைக் கழற்ற வேண்டும். மோட்டார் வீட்டில் பாட்டரி ஒன்று அல்ல. எஞ்சினுக்கு ஒன்று, வீட்டு விளக்குகளுக்கு வேறு. ஒன்றைக் கழற்றிவிட்டு, மற்றதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு.

பெட்ரோலும் இருக்கிறது. ஜி.எம்.சி. வண்டியின் தரைக்கு அடியில் இரண்டு தொட்டிகள். இரண்டிலும் சேர்த்து 50 கேலன் பெட்ரோல் பிடிக்கும்!

"முழு நஷ்டம்!"

வண்டி பட்டறைக்குப் போய்ச் சேருகிறது. சில நாளில் இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் வருகிறார். சுற்றிப் பார்க்கிறார். கணக்குப் போடுகிறார்.

"ஐயா, இது முழு நஷ்டம்" என்கிறார்.

பெரியவருக்குப் புரியவில்லை. "பின்பக்கம் ஒரு கீறல்கூட இல்லையே! அடுப்பு எரிகிறது. கட்டில் அப்படியே இருக்கிறது. எப்படி முழு நஷ்டம்?" என்று கேட்கிறார்.

இது இன்சூரன்ஸ் பாஷை. முழு நஷ்டம் என்றால் வண்டி முழுவதும் நாசமாகிவிட்டது என்று பொருள் அல்ல. ரிப்பேருக்கு ஆகும் செலவு வண்டியின் விலையோடு போட்டி போடுகிறது என்று பொருள். அமெரிக்காவில் இதற்கு மாநிலத்துக்கு மாநிலம் ஒரு சட்டம். டெக்சாஸ் மாநிலத்தில் ரிப்பேர்ச் செலவு வண்டியின் விலையைத் தாண்ட வேண்டும். புளோரிடாவில் விலையில் 80 சதவிகிதத்தை எட்டினாலே போதும்.

பழைய வண்டிக்கு இங்கேதான் அடி விழுகிறது. வயது ஏற ஏற அதன் விலை இறங்குகிறது. ஆனால் ரிப்பேர்க் கூலி இறங்குவது இல்லை. இன்றைய மெக்கானிக்குக்கு இன்றைய கூலிதானே கொடுக்க வேண்டும்?

ஒரு பேச்சுக்கு, வண்டியின் விலை 20,000 டாலர், ரிப்பேருக்கு 24,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி 20,000 டாலரைக் கொடுத்து, நொறுங்கிய வண்டியைத் தான் எடுத்துக்கொள்ளும். "வண்டியை நான் விடமாட்டேன்" என்றால் அதற்கும் பல இடங்களில் வழி உண்டு. நொறுங்கிய வண்டிக்குக் காயலான் கடையில் 3,000 டாலர் கிடைக்கும் என்றால், அதைக் கழித்துக்கொண்டு 17,000 டாலர் தருவார்கள். வண்டி உங்களுடையது. மீதிச் செலவும் உங்களுடையதே!

அதோடு வண்டியின் பத்திரத்தில் "சிதைந்த வண்டி" என்று முத்திரை விழுந்துவிடும். ரிப்பேர் செய்து, அதிகாரிகளிடம் காட்டிய பிறகுதான் ரோட்டில் ஓட்டலாம். அப்போதும் பத்திரத்தில் "மறுபடி கட்டிய வண்டி" என்று இருக்கும். விற்கப் போனால் விலை குறையும்.

விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே வேறு வகை இன்சூரன்ஸ் எடுக்கிறார்கள். வண்டியின் மதிப்பு இவ்வளவு என்று முதலிலேயே கம்பெனியும் சொந்தக்காரரும் பேசி எழுதிவிடுவது. நாளை விபத்து நடந்தால் விலையைப் பற்றி வழக்கு இல்லை. பழைய வண்டிக்கு இதுதான் ஏற்றது. ஆனால் வண்டியிலேயே வருஷம் முழுவதும் குடியிருப்பவர்களுக்கு இதைக் கொடுக்கப் பல கம்பெனிகள் தயங்குகின்றன. யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களுக்கே கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது!

தூக்குக்குண்டு சொல்லும் தீர்ப்பு

நம் தம்பதி வண்டியை விடவில்லை. ரிப்பேர் செய்வது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் நல்ல பட்டறைக்காரர் உடனே சுத்தியலை எடுக்கமாட்டார். முதலில் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அடிச்சட்டம் வளைந்திருக்கிறதா?

தோல் கிழிந்தால் தைக்கலாம். முதுகெலும்பு முறிந்தால்?

சட்டத்தின் வளைவு கண்ணுக்குத் தெரியாது. அரை அங்குலம் விலகியிருந்தாலும் டயர் கோணலாகத் தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய எந்திரம் உண்டு. அது இல்லாத பட்டறையில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிறாரே தூக்குக்குண்டு, அதையே பிடிக்கிறார்கள்!

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கி வைத்து மட்டம் பார்க்கிறார்கள். சட்டத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உள்ள துளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, தரையில் சாக்கட்டியால் புள்ளி வைக்கிறார்கள். பிறகு டேப்பைப் பிடித்து மூலைக்கு மூலை அளக்கிறார்கள். இடது முன் புள்ளியிலிருந்து வலது பின் புள்ளிக்கு எவ்வளவு? வலது முன் புள்ளியிலிருந்து இடது பின் புள்ளிக்கு எவ்வளவு? இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது. வித்தியாசம் இருந்தால் கோணிவிட்டது.

26 அடி வண்டியில் முன் சக்கர அச்சுக்கும், பின் சக்கர ஜோடியின் நடுவுக்கும் இடையே 160 அங்குலம் இருக்க வேண்டும். இடது பக்கத்தில் 160 அங்குலமும், வலது பக்கத்தில் 158 அங்குலமும் இருந்தால், மோதலின் வேகம் எங்கே போயிற்று என்று தெரிந்துவிடும்.

சிறிய வளைவை நிமிர்த்தலாம். வண்டியைத் தரையோடு கட்டிவிட்டு, சங்கிலி போட்டு, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஜாக்கியால் மெதுவாக இழுக்கிறார்கள். இரும்புக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இழுத்ததை விட்டவுடன் கொஞ்சம் பின்வாங்கும். ஆகவே வேண்டியதைவிடச் சற்று அதிகமாக இழுத்து விட வேண்டும். எவ்வளவு அதிகம் என்பது அனுபவசாலிக்குத்தான் தெரியும்.

சட்டம் மடிந்து, சுருக்கம் விழுந்து, விரிசலும் கண்டிருந்தால் என் கட்சி இன்சூரன்ஸ்காரர் கட்சிதான். வேறு நல்ல சட்டம் கிடைக்காதவரை அந்த வண்டியை ஓட்டக் கூடாது. ஆசை வேறு, ஐந்து டன் எடை நெடுஞ்சாலையில் ஓடுவது வேறு.

சிவப்புக் கோடு

சக்கரங்களைத் தாங்கும் கைகளையும் குமிழ்களையும் கழற்றிச் சோதிக்க வேண்டும். பார்வைக்கு முழுசாக இருக்கும். ஆனால் உள்ளே முடியைப் போல் மெல்லிய விரிசல் ஒளிந்திருக்கலாம். அதைப் பிடிக்க ஒரு தந்திரம் இருக்கிறது. பாகத்தைச் சுத்தமாகத் துடைத்து, சிவப்புச் சாயத்தைப் பூசுகிறார்கள். சற்று நேரம் கழித்துச் சாயத்தைத் துடைத்துவிட்டு, வெள்ளை மருந்தைத் தூவுகிறார்கள். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த சாயம் வெள்ளையின் மேல் ஊறி வரும். சிவப்புக் கோடு தெரிந்தால் அந்தப் பாகம் குப்பைக்கு!

புதுப் பாகத்துக்கு எங்கே போவது? இங்கேதான் ஜி.எம்.சி. சொந்தக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். அதன் எஞ்சின் "ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ" என்ற காரின் எஞ்சின். கியர்ப் பெட்டியும் அந்தக் காருடையதே. ஆகவே எஞ்சின் சாமான்கள் கிடைக்கின்றன. வண்டிப் பிரியர்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள். சில சிறு கம்பெனிகள் இந்த வண்டிக்காகவே உதிரிப் பாகங்களைப் புதிதாகச் செய்து விற்கின்றன. ஓட முடியாத வண்டி எங்காவது நின்றால், அதன் கண்ணாடியும் முகப்பும் வேறொரு வண்டிக்கு உயிர் கொடுக்கின்றன.

எல்லா வண்டிக்கும் இந்த யோகம் இல்லை. அமெரிக்க டெலிவிஷன் நிருபர் சார்லஸ் குரால்ட் 1967 முதல் மோட்டார் வீட்டிலேயே நாடு முழுவதும் சுற்றிச் செய்தி சேகரித்தவர். ஆறு வண்டிகளைத் தேய்த்துத் தீர்த்தார்! அவருடைய கடைசி வண்டி "எப்.எம்.சி." என்ற கம்பெனி செய்தது. அந்தக் கம்பெனி 1976-லேயே மோட்டார் வீட்டை நிறுத்திவிட்டது. குரால்ட்டின் வண்டி இப்போது மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஹென்றி போர்டு பொருட்காட்சியில் நிற்கிறது. அதன் சகோதர வண்டிகளுக்குக் கதவு உடைந்தால், கதவைப் புதிதாகச் செய்ய வேண்டியதுதான்.

நுரைக்குள் ஒளிந்த விரிசல்

இனி டிங்கரிங் வேலை.

ஜி.எம்.சி. வண்டியின் சுவருக்கு உட்புறம் நுரைப் பிளாஸ்டிக்கை ஊற்றிப் பூசியிருக்கிறார்கள். வெயிலும் குளிரும் உள்ளே வராமல் அது தடுக்கிறது. ஆனால் அலுமினிய எலும்புகள் அதற்குள் மறைந்துகிடக்கின்றன. விரிசலைப் பார்க்க வேண்டுமானால் நுரையைச் சுரண்டி எடுக்க வேண்டும். அலுப்பான வேலைதான். அலுப்புப் பட்டு, நுரையோடு வெல்டிங் வைத்தால் வந்தது வினை! நுரை தீப்பிடிக்கும், அதன் புகை விஷம்.

பைபர் கிளாஸ் உடைப்பை ஒட்டுவது துணி தைப்பதைப் போன்றது. உடைந்த ஓரத்தை அப்படியே சேர்த்து ஒட்டினால் நிற்காது. ஓரத்தைச் சுற்றிலும் நீண்ட சரிவாகத் தேய்க்க வேண்டும். பின்புறம் ஒரு ஒட்டு. முன்புறம் கண்ணாடி நார்த் துணியைப் பிசினில் தோய்த்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். முதலில் சிறிய துண்டு, அடுத்தது அதைவிடப் பெரியது, இப்படி. இறுகிய பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பூசி, வர்ணம் அடிக்கிறார்கள். தேய்க்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகமூடி இல்லாமல் தொடக் கூடாது.

பிசினிலும் ஒரு சூட்சுமம். படகுகளுக்குப் பூசும் சாதாரணப் பாலியெஸ்டர் பிசின் மலிவாகக் கிடைக்கும். ஆனால் தொழிற்சாலையில் சூட்டோடு அழுத்திச் செய்த இந்தப் பலகையில் அது சரியாகப் பிடிக்காது. எபாக்சிப் பிசின்தான் பிடிக்கும். மலிவுக்கு ஆசைப்பட்டால் சில மாதங்களில் ஒட்டு விட்டு, வர்ணத்தின் மேல் பழைய உடைப்பு கோடாகத் தெரியும்.

மரச்சட்டம் போட்ட வண்டிகள் கதை வேறு. மோதலில் மரம் சிம்பு சிம்பாகப் போய்விடும். அதைவிட மோசம் என்னவென்றால், சுவரைப் பிரித்தால் விபத்துக்கு முன்பே மழைநீர் புகுந்து உளுத்துப்போன மரம் வெளியே வரும். "விபத்து நடந்திராவிட்டால் இது தெரிந்தே இருக்காது" என்று பட்டறைக்காரர்கள் சொல்வது வழக்கம்.

பிரித்ததோடு பிரித்ததாகச் சில வேலைகளை முடித்துவிட வேண்டும். பழைய பெட்ரோல் ரப்பர்க் குழாய்களை எல்லாம் மாற்ற வேண்டும். இன்றைய பெட்ரோலில் கலக்கும் சாராயம் அந்தக் காலத்து ரப்பரைத் தின்றுவிடுகிறது. மோட்டார் வீடுகளில் தீப்பிடிக்க இது ஒரு காரணம். பின் இருக்கைகளுக்கு இடுப்பு வார் இல்லாவிட்டால் போட வேண்டும். அதை மரப்பலகையில் ஆணி அடித்துப் பிடிக்கக் கூடாது. இரும்புச் சட்டத்தோடு பிணைக்க வேண்டும். மோதலில் பலகையோடு வார் பிடுங்கிக்கொண்டு வந்தால் என்ன பிரயோஜனம்?

நெருப்பால் குளிர்!

வண்டி நேராகிவிட்டது. இன்னும் வீடு பாக்கி இருக்கிறது.

பல பழைய மோட்டார் வீடுகளில் ஒரு விசித்திரமான குளிர்ப் பெட்டி உண்டு. வாயுவை எரித்து, அந்தச் சூட்டினாலேயே குளிர் உண்டாக்குகிறது! 1922-ல் ஸ்வீடன் நாட்டு மாணவர்கள் இருவர் கண்டுபிடித்தது. சூட்டில் அம்மோனியா கொதித்து, குழாய்களில் ஓடி, உள்ளே உள்ள சூட்டை இழுத்துக்கொண்டு திரும்புகிறது. மோதலின் அதிர்ச்சியில் அந்தக் குழாய் விரிந்தால் அம்மோனியா வெளியேறும். கண் எரியும். பின்புறக் குழாயில் மஞ்சள் தூள் படிந்திருந்தால் கசிவு நடந்திருக்கிறது என்று அறியலாம். அதற்கு ஒட்டுப் போட முயலாமல் மாற்றிவிடுவதே மேல்.

அடுப்புக் குழாய்களையும் சோதிக்க வேண்டும். மூட்டு மூட்டாகச் சோப்பு நுரையைத் தடவுகிறார்கள். குமிழி வந்தால் கசிவு. அதோடு விடுவது இல்லை. குழாயில் வாயுவை அடைத்து, அழுத்தம் காட்டும் கருவியை மாட்டி, முள் இறங்குகிறதா என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். இறங்கினால் குழாயை மறுபடியும் பிரிக்க வேண்டியதுதான்.

பிறகு பிரேக், சக்கர அலைன்மென்ட், விளக்குகள். கூட்டம் இல்லாத ரோட்டில் மெதுவாக முதல் ஓட்டம். திரும்பி வந்து எல்லா போல்ட்டுகளையும் மறுபடி முடுக்குகிறார்கள். அதிகாரி பார்த்து, பத்திரத்தில் எழுதிக் கொடுக்கிறார்.

இத்தனைக்கும் பிறகு நம் தம்பதி உடனே குடியேறுவது இல்லை. கடைசியாக ஒரு சோதனை இருக்கிறது. ஒருவர் ரப்பர்க் குழாயைப் பிடித்துக் கூரை மேலும், புதிய கண்ணாடியின் ஓரத்திலும் தண்ணீரைப் பீய்ச்சுகிறார். இன்னொருவர் உள்ளே டார்ச் விளக்குடன் உட்கார்ந்து, மூலை மூலையாகப் பார்க்கிறார். எங்காவது ஒரு சொட்டு விழுந்தால், அந்த மூட்டைத் துடைத்து, காயவைத்து, மறுபடியும் அடைக்கிறார்கள். மறுபடியும் தண்ணீர் அடிக்கிறார்கள்.

சொட்டு நின்ற பிறகுதான் மெத்தையை உள்ளே கொண்டுபோகிறார்கள்.